செங்கமலம் ஏறின கூண்டு

அந்த நாற்காலி வேண்டாங்க தம்பி, அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. இது என்னுது, தேக்கு, வூட்ல இருந்து கொண்டாந்தது. எந்திரிக்காதீங்க, நான் இந்த பெஞ்சுல உக்காந்துக்கறேன். மேனேஜர் இப்ப வரமாட்டாருங்க. மத்தியானம் தின்னுட்டுச் சாஞ்சாருன்னா நாலு மணி டீக்குத்தான் எந்திரிப்பாரு. அம்மாவுக்கு ரூம் பாக்க வந்தீங்களாக்கு? பாத்தாலே தெரியுதுங்க. ரூம் பாக்க வர்றவங்க எல்லாரும் செருப்பக் கழட்டறதா வேண்டாமான்னு படியிலயே நிப்பாங்க.

வயசானவங்க இருக்கறதுக்கு நல்ல எடந்தானுங்க, பயப்படாமச் சேத்துங்க. நான் இங்க இருக்கறவன் இல்ல, வந்து போறவன். அதனால எனக்குப் பொய் சொல்லோணும்னு ஒண்ணும் கெடையாது. பொண்ணு வூடு சரவணம்பட்டில. நாலு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போயிருவா. பை கட்டி வெச்சாச்சு, அந்தா தூணோரமா இருக்குது பாருங்க.

பேரு சென்னியப்பனுங்க. கால்நடை டாக்டர். மாடு ஆடு பாத்தது கொஞ்ச நாள்தான், சர்வீஸ் பூரா ஜூவுலதான். அதுலயும் ஊசி போடறத விட எனக்குப் பிளான் போடறதுதான் முக்கிய வேலை. யானை பிளான். அந்த வேலியப் பாத்தீங்களா? சோலார் வேலி. மலையடிவாரமில்ல, காட்டு யானை எறங்கும். வாழ்க்கை பூரா யானையோட இருந்தவன், யானை வரக்கூடாதுன்னு போட்ட வேலிக்குள்ள உக்காந்து காப்பி குடிக்கறேன். சிரிங்க தம்பி, சிரிக்கத்தான் சொன்னேன்.

இந்த எடம் எப்படிக் கெடச்சுதுன்னு கேக்கறீங்களா? எல்லாம் எம்பொண்ணு வேலைதான். வளர்மதின்னு பேரு, காலேஜுல பாடம் எடுக்கறா. எங்க வூட்டுக்காரி மயிலாத்தா போய்ச் சேந்த மறுவருசம், ஒரு ஞாயித்துக்கெழம, ‘அப்பா, அடிவாரத்துல ஒரு எடத்துல அரிசிம்பருப்புச் சோறு நம்ம அம்மா கையாட்டவே போடறாங்களாமா, போலாமா?’ன்னா. வந்தோம். நெசமாலுமே மயிலாத்தா கைப்பக்குவமுங்க. ரெண்டாந்தடவ கேட்டு வாங்கித் தின்னேன். தின்னுட்டு ஒடனே கெளம்பிட்டோம். அடுத்த ஞாயிறும் வந்தோம். அப்புறம் தின்னுட்டு இங்கயே சித்த படுத்தெந்திரிச்சுப் போறது. அப்புறம் ஒரு ராத்திரி தங்கறது. என்னை ஆரும் கட்டாயப்படுத்தலீங்க. நானாத்தான் தங்கறேன்னேன்.

மொத தடவ தங்குனப்ப, வெளக்கு வெக்கற நேரத்துல மனசு என்னமோ ஆயிருச்சு. வெசனம். ஏன்னே தெரியல, அழுகை அழுகையா வருது, இத்தன வயசுல. பொண்ணுக்குப் போன் அடிச்சேன். அம்மிணி நைட்டி மேல ஒரு துப்பட்டாவப் போத்திக்கிட்டு அப்படியே காரை எடுத்துட்டு வந்துட்டா. ‘எப்பக் கூப்பிட்டாலும் வந்துருவேன்பா’ன்னா. அந்த ஒரு சொல்லு போதுமுங்க எனக்கு. அதுக்கப்புறம் பயமில்லாமத் தங்கிக்கறேன்.

இந்தத் தடவதான் நாளு கொஞ்சம் எச்சாப் போச்சு. பேத்தி நிவேதா பிரசவத்துக்கு வர்றா, ஏழு மாசம். நான் இருந்த ரூமத்தான் அவளுக்கு ஒழிச்சுப் பெயிண்ட் அடிக்கறாங்க. பெயிண்ட் வாசம் என் மூச்சுக்கு ஆகாதுன்னு காயற வரைக்கும் இங்க. வளர்மதி நேத்தே வர்றேன்னா. இன்னும் காயலையாமா, மேனேஜர்கிட்டச் சொல்லியிருக்கறா. இன்னைக்குக் காஞ்சிருக்கும். வெயிலு இந்தப் போடு போடுது. இருங்க, கெளம்பிட்டாளான்னு ஒருக்கா அடிச்சுப் பாத்தறேன்.

ரிங்கு போகுது. போகுது. எடுக்கல. வண்டில வந்துட்டு இருப்பா. ஓட்டறப்ப போன் எடுக்காதேன்னு நாந்தான் சொல்லியிருக்கறேன்.

என்ன சொல்லிட்டு இருந்தேன்? ஆங், பிளான். அது என்னன்னா தம்பி, ஒரு ஜூவுல ஆண் யானை இருக்கும், பொட்டை இருக்காது. இன்னொண்ணுல ரெண்டு பொட்டை இருக்கும், ஆணு இருக்காது. அப்படியே விட்டா எல்லாம் கெழடாகி ஒண்ணொண்ணாப் போயிரும், குட்டின்னு ஒண்ணு மிஞ்சாது. காட்டுல புடிக்கவும் கூடாது. அப்ப என்ன பண்றது? நாலு ஸ்டேட்டு ஜூக்காரங்க ஒரு மேசையச் சுத்தி உக்காந்து, எது எங்க போகோணும், எது எதுகூடச் சேரோணும்னு முடிவு பண்ணோணும். அந்த மேசைல எனக்கு ஒரு சேரு.

பெரிய சார்ட்டு பேப்பர விரிச்சு வெச்சுக்குவோம். வட்டம்னா பொட்டை, சதுரம்னா ஆணு. அம்மா ஆரு, அப்பன் ஆருன்னு கோடு இழுக்கறது. அண்ணந்தங்கச்சி சேந்துறக் கூடாதில்லீங்க. எங்க பக்கம் கூட்டம் பாத்துத்தான் பொண்ணெடுப்போம். ஒரே கூட்டம்னா பங்காளி, கட்டக்கூடாது. அதனால எனக்கு இது சின்ன வயசுல இருந்தே கேட்டுக் கேட்டுப் பழக்கம். மத்த டாக்டருங்க புஸ்தகத்தப் பெரட்டிட்டு இருப்பாங்க, நான் ‘சார், இது பங்காளி, இது ஆகாது’ம்பேன். மேசையே சிரிக்கும். அப்புறம் பென்சில்ல அம்பு போடறது. இந்த வட்டம் இந்த ஊருக்கு, அந்தச் சதுரம் அந்த ஊருக்குன்னு. ஒரு அம்புக்குப் பின்னால ஒரு லாரி, ஒரு கிரேன், ஏகப்பட்ட பெர்மிட்டு எல்லாம் வரும். ஆனா போடறப்ப வெறும் பென்சில்தானுங்க, ஒரு இழுப்புதான்.

எங்க ஜூவுல ரெண்டு பொட்டை இருந்துச்சு. பெரியவ செங்கமலம், சின்னவ வெண்ணிலா. ஒறவெல்லாம் கெடையாது. செங்கமலம் ஒரு மடத்துல இருந்து வந்தவ. வெண்ணிலா காட்டுல பள்ளத்துல விழுந்து கெடந்த குட்டி. கொண்டாந்து எறக்குன அன்னைக்கே பெரியவ அதை வயித்துக்கடில இழுத்து வெச்சுக்கிட்டா. பாலா இருக்குது? ஒண்ணுமில்ல. சும்மா வெச்சுக்கிட்டா. அப்புறம் ஒண்ண விட்டு ஒண்ணு நகராது. ஒண்ணுக்கு ஊசி போட்டா இன்னொண்ணு கத்தும். இந்தக் கூத்தப் பாக்கறதுக்குன்னே ஞாயித்துக்கெழம கூட்டம் வரும்.

வெண்ணிலாவுக்கு வயசு ஏறிட்டே போச்சு. யானைல ஒரு விசயமுங்க, மொதக் குட்டிய இளசுல ஈனோணும். தள்ளிப் போட்டா அப்புறம் சினை நிக்காது. பருவம் வருதான்னு பாக்க காதுக்குப் பின்னால நரம்புல ரத்தம் எடுக்கோணும். எடுத்ததப் பிளாஸ்க்குல ஐஸ் போட்டு வெச்சு, பஸ்ஸுல மடியிலயே வெச்சுட்டு லேபுக்குப் போவேன். ஒருக்கா பக்கத்துல இருந்த ஒரு பெரியம்மா, ‘சாமி, எனக்கும் ஒரு வாய் காப்பி ஊத்து’ன்னு டம்ளர நீட்டிருச்சு. அட கெரகமேன்னு ஆயிருச்சு எனக்கு.

பருவம் வந்துச்சு. அப்பக் கடலோரத்து ஜூ ஒண்ணுல, ஊர் பேரு வேண்டாம், மாணிக்கம்னு ஒரு ஆணு. நல்ல ஒடம்பு, கொணமும் பரவால்ல. சார்ட்டுல பாத்தேன், பங்காளி முறை இல்ல. அம்பு போட்டேன். அந்த ஜூவோட டாக்டரு சூசம்மான்னு ஒரு அம்மா. அவங்க, ‘சார், ரெண்டையும் தாங்க. செங்கமலத்தையும் நானே வெச்சுக்கறேன்’ங்கறாங்க. அவங்க கொட்டகைல ஒரு எடந்தான் காலி. தடுத்து ரெண்டாக்கிக்கறேன்ங்கறாங்க. நான் ஒத்துக்கலீங்க. அந்த எடம் பொறக்கப்போற குட்டிக்கு. ஈனற வயசு தாண்டுனதக் கொண்டு போய் அதுல நிறுத்திட்டா, நாளைக்குக் குட்டி எங்க நிக்கும்? நீங்களே சொல்லுங்க. பிளான்னா நாளைக்கு வர்றதப் பாக்கோணும். சார்ட்டுல செங்கமலத்தோட வட்டத்துக்குள்ள குறுக்க ஒரு கோடு போட்டேன். ஈனாததுக்கு அப்படித்தான் போடறது. உசுரோட இருக்குது, ஆனா கணக்குல சேராதுன்னு அர்த்தம்.

தனியா ஒரு யானைய வெக்கக் கூடாதுன்னு விதி இருக்குதுங்க, அதையும் நான் மீறல. செங்கமலத்துக்கும் ஒரு அம்பு போட்டேன். மலை மேல ஒரு முகாம். வயசான பொட்டைங்க நாலஞ்சு இருந்துச்சு. பக்கத்துலயே ஆறு, மூங்கிலு, நேரத்துக்குச் சோத்து உருண்டை, தெனமும் டாக்டர் வந்து பாக்கறாரு. நானே நேர்ல போய்ப் பாத்துட்டுத்தான் முடிவு பண்ணேன். மயிலாத்தா அன்னைக்குச் சோறு போடறப்ப, ‘ஏனுங்க, அவளுக்கு அங்க புடிக்குமான்னு பாத்தீங்களா?’ன்னா. ‘ஆறு ஓடுதுடி, ஆறு’ன்னேன். அவ ரசத்த ஊத்திட்டுப் போயிட்டா.

மொத பெரியவள அனுப்பறதுன்னு முடிவு. சின்னவ போறதப் பெரியவ பாத்தா அப்புறம் கிட்ட நெருங்க முடியாது. எப்படி ஏத்தறது? மத்தவங்கன்னா மயக்க ஊசிய அடிச்சுக் கயித்தக் கட்டி இழுத்துப் போட்டுருவாங்க. கால் ஒடியும், வழில படுத்துக்கும், எத்தனையோ செத்திருக்குது. என் முறை வேறங்க. அந்தக் காலத்துல அப்படி ஆரும் பண்ணல. தை மாசமே லாரில ஏத்தற இரும்புக் கூண்டக் கொண்டாந்து அவ முத்தத்துல வெச்சாச்சு. ரெண்டு பக்கமும் கதவு, ரெண்டும் தொறந்தே கெடக்கும். அவ பாட்டுக்குப் பாக்கட்டும், மோந்து பாக்கட்டும், ஒரசட்டும். ஒரு அவசரமும் இல்ல. யானைக்காரரு கிட்டான், கரும்ப மொதல்ல கூண்டுக்குப் பக்கத்துல போடுவாரு. அப்புறம் வாசல்ல. அப்புறம் சித்த உள்ள. தின்னுட்டு வெளிய வந்துருவா. வரட்டும்னு விட்டுருவோம்.

அப்புறம் அவ கொட்டகை மண்ணையே அள்ளிக் கூண்டுக்குள்ள பரப்புனோம். அவ ஒரசற கட்டை ஒண்ணு உண்டு, அதை ஒரு நாள் உள்ள வெச்சோம். அவ உருட்டி வெளையாடற டயர இன்னொரு நாள். ஒண்ணொண்ணா, அதுக்குத் தெரியாம. தன் வாசம் இருந்தாத்தான் தன் எடம்னு நெனைக்கும். மாசி கடைசில பாத்தா மத்தியானத்துல அவளே உள்ள போய்க் கண்ண மூடிட்டு நிக்கறா. கிட்டான் என்னையப் பாத்துச் சிரிக்கறாரு. எனக்கு அப்படி ஒரு சந்தோசம் தம்பி, சொல்லி மாளாது.

முக்கியமானது இனித்தான். கதவச் சாத்திப் பழக்கறது. மொதல்ல சாத்துன ஒடனே தொறந்துரோணும். அப்புறம் கொஞ்சங் கொஞ்சமா நேரத்தக் கூட்டோணும். அவளுக்குப் போதும்னு தோணுச்சுன்னா துதிக்கை நுனியால இரும்புல ஒரு தட்டு தட்டுவா. டங்குன்னு கேக்கும். கேட்ட ஒடனே தொறந்துருவோம். தின்னுட்டு இருந்தாலும் எச்சக் கையோட ஓடித் தொறப்பேன். தட்டினாத் தொறப்பாங்கன்னு அதுக்கு நம்பிக்கை வரோணும். அந்த நம்பிக்கை வந்துருச்சுன்னா கதவு சாத்துனாலும் பயப்படாது. இந்த வேலைல அது ஒண்ணுதான் சூட்சுமம்.

வளர்மதி அப்ப ஏழாங்கிளாஸ். குவார்ட்டர்ஸ் ஜூவுக்குள்ளயே. பள்ளிக்கூடம் விட்டாப் பையோட நேரா கூண்டுகிட்ட வந்துருவா. கூண்டு வந்த நாள்ல இருந்து போன நாள் வரைக்கும் எங்கூட நின்னு பாத்தவ அவ ஒருத்திதான். ‘ஏம்ப்பா மண்ணப் போடறீங்க, ஏம்ப்பா ஒடனே தொறக்கறீங்க’ன்னு கேட்டுட்டே இருப்பா. நானும் பொறுமையாச் சொல்லுவேன். ஒரு காரியத்த அதட்டாம, இழுக்காம, நிதானமாப் பண்றது அவ எங்கிட்டக் கத்துக்கிட்டதுதான். இப்பவும் பாருங்க, எங்கிட்ட ஒரு தடவ கூடக் கொரல ஒசத்துனதில்ல. இந்த நாற்காலி, என் ரேடியோ, மயிலாத்தா போட்டோ, நான் வெச்சுப் படுக்கற தலகாணி, எல்லாம் கேக்காமலே ஒவ்வொரு தடவையும் ஒண்ணு கொண்டாந்து வெச்சுட்டுப் போவா. ‘இருக்கற நேரம் வசதியா இருங்கப்பா’ம்பா. நேத்து அலமாரியத் தொறந்தா ஸ்வெட்டர் இருக்குதுங்க! இந்தச் சித்திர வெயில்ல ஸ்வெட்டர் எதுக்கு? மார்கழிக்கல்ல வேணும்? எப்பவுமே அவளுக்கு முன்யோசனை எச்சு.

மணி அடிச்சாங்களா? இல்ல, அது அடுப்படில பாத்திரம். இன்னொருக்கா அடிச்சுப் பாக்கறேன், இருங்க.

...எடுக்கல. சிக்னல்ல நிப்பா. பொழுதோட சரவணம்பட்டி ரோட்டுல வர்றது லேசா என்ன?

அனுப்புன அன்னைக்கு நடந்ததச் சொல்றேன் கேளுங்க. வெடியக்காலம் கெளம்பறதுன்னு ஏற்பாடு. வெண்ணிலாவப் பின்பக்கம் கொட்டகைல கட்டியாச்சு. செங்கமலம் எப்பவும் போல உள்ள போனா. கதவு சாத்துனோம். ரெண்டு பக்கமும். கரும்பு தின்னா. தின்னுட்டு டங்குன்னு ஒரு தட்டு. எங்க கை தானா எந்திரிக்குதுங்க, பழக்கம். கிட்டான் ஒரு எட்டு வெச்சிட்டாரு. நான் கைய நீட்டித் தடுத்தேன். கிரேன்காரன் கொக்கிய மாட்டறான். மறுபடி ஒரு தட்டு. வேகமா இல்லீங்க, அதே மாதிரிதான், மெதுவா. கேக்கலையாட்ட இருக்குதுன்னு நெனச்சிருக்கும். இந்தப் பக்கத்துக் கதவுல தட்டும், நின்னு பாக்கும். அந்தப் பக்கத்துக் கதவுல தட்டும், நின்னு பாக்கும்.

வளர்மதி வந்து என் கையப் புடிச்சுக்கிட்டா. ‘அப்பா, தட்டுதுப்பா. உங்களுக்குக் கேக்கலையாப்பா? தொறங்கப்பா’ங்கறா. ஒரே அழுகை. நான் அவ தலையத் தடவி, ‘கொஞ்சம் பொறுத்துக்க அம்மிணி. நிறுத்திரும்’னேன். சொன்ன மாதிரியே நிறுத்திருச்சுங்க. நிறுத்திட்டுச் சித்த நேரம் சும்மா நின்னுச்சு. அப்புறம் கீழ கெடந்த கரும்ப எடுத்துத் திங்க ஆரம்பிச்சுருச்சு. ‘பாத்தியா, திங்குது பாரு. வெசனப்பட்டாத் திங்குமா?’ன்னேன். அவ என் கைய விட்டுட்டு வூட்டுக்கு ஓடிட்டா. லாரி போயிருச்சு. ஒரு சிராய்ப்பு இல்ல, ஒரு சொட்டு மருந்து இல்ல. என் சர்வீஸுலயே சுத்தமாப் பண்ணுன வேலை அதுதான்.

இதுக்குத்தான் தம்பி அந்த சூசம்மா அடுத்த மீட்டிங்குல, அத்தன பேரு முன்னால, ‘சார், அதை நீங்க ஏமாத்திட்டீங்க’ன்னு சொல்லிருச்சு. எனக்குச் சுருக்குனு ஆயிருச்சு. இன்னைக்கு நெனச்சாலும் ஆத்தாமையா இருக்குது. ஏமாத்தறதுன்னா என்னங்க? நான் அடிச்சனா? கட்டி இழுத்தனா? அது தன் காலால நடந்து போய் ஏறுச்சு. நல்ல எடத்துக்குத்தானே அனுப்புனேன்? பாசத்தோட பண்ணுனதப் போயி... நான் அந்தம்மாகூட அப்புறம் பேசவே இல்ல. அவங்க போய்ச் சேந்துட்டாங்கன்னு கேள்விப்பட்டேன்.

பிளான் பலிச்சுதுங்க. வெண்ணிலா மாணிக்கத்தோட சேந்துச்சு, சினை நின்னுச்சு, பொட்டைக் குட்டி. நான் காலியா வெச்ச எடத்துல அந்தக் குட்டி நிக்கற போட்டோ பேப்பர்ல வந்துச்சு. எனக்குப் பொன்னாட போத்துனாங்க. மயிலாத்தா அதைத் தலகாணி ஒறையாத் தெச்சுட்டா, அவளுக்கு அப்படித்தான் ஒரு குசும்பு.

செங்கமலமா? நல்லாத்தான் இருந்துச்சு. நான் போய்ப் பாக்கல. போகக் கூடாதுங்க. பழைய ஆளு மூஞ்சியக் காட்டுனா அது புது எடத்துல ஒட்டாது. கொஞ்ச நாளைக்கு ஆரும் எட்டிப் பாக்கக் கூடாது, அதுதான் முறை. இங்கயும் அப்படித்தான் வெச்சிருக்கறாங்க. புதுசாச் சேத்தறவங்ககிட்ட மேனேஜரு சொல்லுவாரு, ‘மொத மாசம் வராதீங்க, போன் அடிச்சாலும் எடுக்காதீங்க, பெரியவங்க ஒட்டட்டும்’னு. உங்ககிட்டயும் சொல்லுவாரு. கல்நெஞ்சுக்காரன்னு நெனச்சுக்காதீங்க, சரியான முறைதான் அது. அப்புறம் நான் போலாம்னு நெனச்சப்ப வேலை வந்துருச்சு, அப்புறம் செங்கமலமே போய்ச் சேந்துருச்சு. அந்த முகாம் டாக்டர ஒருக்கா கல்யாணத்துல பாத்தேன். ‘சார், உங்க யானை இரும்பு எதைக் கண்டாலும் நின்னு ஒரு தட்டு தட்டும் சார். கேட்டு, வாளி, ஜீப்பு, எதா இருந்தாலும். தட்டிட்டு நம்ம மூஞ்சியப் பாக்கும்’னாரு. பழக்கதோசமுங்க, வேற ஒண்ணுமில்ல.

இது டீ மணிதான். நாலு ஆயிருச்சு. இங்க வெச்சுட்டுப் போம்மா, தம்பிக்கும் ஒண்ணு வெய்யி. கொண்டக்கடலைச் சுண்டல், நல்லா இருக்கும்.

எங்க, கேட்டுல ஒரு வண்டியும் காணோம்.

பெயிண்ட் காயறதுக்கு எவ்வளவு நேரமுங்க ஆகும்? நீங்க வூடு கட்டியிருப்பீங்க, தெரியும். ஒரு நாளு. மிஞ்சுனா ஒண்ணரை நாளு. இந்த வெயிலுக்கு...

தம்பி, உங்க போனச் சித்தக் குடுங்களேன். என்னுதுல என்னமோ கோளாறாட்ட இருக்குது, ரிங்கு போகுது, அக்கட்ட கேக்கறதில்ல போல. நம்பர் எனக்கு மனப்பாடம். இதுல எங்க அமுத்தறது? ஆங்.

ரிங்கு போகு... ஹலோ.

...

...இல்லீங்க. இல்லீங்க, ராங் நம்பருங்க. வெச்சுருங்க.

இந்தாங்க. எடுத்துட்டா. மொத ரிங்குலயே எடுத்துட்டாங்க தம்பி. ‘ஆருங்க?’ன்னா. கொரலு கம்மிக் கெடக்குது, அழுதிருப்பாளாட்ட இருக்குது. அப்புறம் ‘அப்பா?’ன்னா. நீங்கதான் பாத்தீங்களே, ராங் நம்பர்னுட்டேன். வேற என்னத்தச் சொல்றது? வாடின்னா வந்துருவா. நைட்டியோட வந்துருவா அவ. வந்துட்டு என்னைக் கூட்டிட்டுப் போய் எங்க வெப்பா? அந்த ரூமு பொறக்கப்போற கொழந்தைக்கு.

அந்தப் பைய எடுத்து இப்படி உள்ளாற வெச்சுறுங்க தம்பி, போற வர்றவங்க கால்ல இடறும். உங்க அம்மாவுக்கு ரூம் பாக்கறதுன்னா மேக்காலப் பாத்த ரூமாக் கேளுங்க, காத்து வரும்.

உங்க போன் அடிக்குதுங்க. அவதான். எடுக்காதீங்க. வேண்டாம் தம்பி, எடுக்காதீங்கன்னா! அடிக்கட்டும். கொஞ்சம் பொறுத்துக்குங்க. நிறுத்திருவா.

அந்தச் சுண்டல இப்படித் தள்ளுங்க. நான் தின்னறேன்.